மேல் வரி இல்லாத காகிதம்

எழுதப் படிக்கத் தெரியாத ஸ்தேரியோஸுக்குக் காகிதம் என்றாலே ஆகாது. வீட்டுக்கு ஒரு காகிதம் வந்தால் பின்னாலேயே வீட்டிலிருந்து ஏதாவது ஒன்று கிளம்பிப் போகும். இது அவர் கண்ணால் கண்டது. போன இலையுதிர் காலத்தில் ஒன்று வந்தது, மகன் லாம்ப்ரோஸ் பட்டாளத்துக்குப் போனான். அடுத்து ஒன்று வந்தது, கோவேறு கழுதை கனேலா போனது. கனேலாவை முன்பின் தெரியாதவன் கையில் விட மனம் வராமல் அவரும் கூடவே போனார். ஐம்பதைத் தாண்டிய ஆளை யாரும் அழைக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அல்பேனிய எல்லை மலையில் அவரும் கனேலாவும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஏறும்போது குண்டுப் பெட்டியும் ரொட்டியும். இறங்கும்போது பனியில் கால் கருகிய பையன்கள்.

அப்படிப்பட்ட ஆளின் கையில்தான் ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, ஓநாய்ப்பல் முகட்டுக்குக் கொண்டுபோ என்றார்கள்.

சாலையோரத்துக் கல் சத்திரம்தான் அப்போது படைத் தலைமையிடம். ஜெர்மன்காரன் பின்பக்கமாக வந்து கணவாயைப் பிடித்துவிட்டான், மேலே உள்ள பெரிய தலைகள் சரணடைகிறோம் என்று கையெழுத்தே போட்டுவிட்டார்கள் என்று விடியும்போது சமையல்காரன் அழுதுகொண்டே சொன்னான். "நீ பாத்தியா? பாக்கலைல்ல? வாயை மூடு" என்றார் ஸ்தேரியோஸ். சத்திரத்து வாசலுக்கு வந்தபோது அங்கே ஜெர்மன் மோட்டார்சைக்கிள் ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் நம் காவல்காரன் துப்பாக்கி இல்லாமல் நின்றான். அதைப் பார்த்த பிறகு ஸ்தேரியோஸ் வாயை மூடிக்கொண்டார்.

உள்ளே கர்னல் வேராஸ் மேசையில் குனிந்திருந்தார். எதிரே புழுதி படிந்த ஜெர்மன் அதிகாரி ஒருவன், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி விட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். அவன் பக்கத்தில் நம் மொழி பேசும் ஒருத்தன், நகரத்துக் கோட்டுப் போட்டவன். ஜன்னல் ஓரத்தில் ஒரு தட்டில் சிவப்புச் சாயம் போட்ட ஈஸ்டர் முட்டைகள். ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை.

கர்னல் ஒரு காகிதத்தை எடுத்து மேலே நடுவில் ஒரு சின்ன வரி எழுதினார். அப்புறம் பென்சில் நகரவில்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அதைக் கசக்கி மேசைக்கு அடியில் போட்டார். வேறு ஒன்றை எடுத்து, மேலே எதுவும் எழுதாமல் நேராக விஷயத்தில் இறங்கினார். இந்தத் தடவை கை நிற்கவில்லை, வேகவேகமாக ஓடியது. முடிந்ததும் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். குளிர்காலம் முழுக்க அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி ஸ்தேரியோஸ் பார்த்ததில்லை.

"ஸ்தேரியோ, உன் பையன் எங்க இருக்கான்?"

"ஓநாய்ப்பல்ல, கர்னல் ஐயா. தெல்லாஸ் கேப்டன்கிட்ட. எந்திரத் துப்பாக்கி அவன் கையிலதான்."

"தெரிஞ்சுதான் உன்னைக் கூப்பிட்டேன். போன் கம்பி அறுந்து கிடக்கு. வேற எவன் போனாலும் பாதி வழியில ஒதுங்கிடுவான். நீ ஒதுங்கமாட்ட. இதை தெல்லாஸ் கையிலயே குடு. சண்டை முடிஞ்சுபோச்சு, ஆயுதத்தைப் போட்டுட்டு இறங்கி வாங்கன்னு எழுதியிருக்கேன். இத்தாலிக்காரன்கிட்ட போகவேண்டாம். இங்க சாலைக்கு வரட்டும்."

"நாமதானே ஐயா ஜெயிச்சுக்கிட்டு இருந்தோம்?"

ஜெர்மன்காரன் கடிகாரத்தை விரலால் தட்டி என்னமோ சொன்னான். கோட்டுக்காரன் அதைத் திருப்பிச் சொன்னான்: "மூணு மணி வரைக்கும் பொறுப்பாங்களாம். அதுக்கு மேலயும் அந்த முகட்டுல ஆள் இருந்தா விமானம் வருமாம்."

"நீ யார் பெத்த பிள்ளைடா?" என்று ஸ்தேரியோஸ் அவனைக் கேட்டார். அவன் தரையைப் பார்த்தான்.

வெளியே வருமுன் ஸ்தேரியோஸ் காலில் சுற்றிய துணியைச் சரி செய்வதுபோலக் குனிந்து, மேசைக்கு அடியில் கிடந்த கசங்கிய காகிதத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். திருட்டு எண்ணம் எதுவும் இல்லை. சிகரெட் சுருட்டக் காகிதம் கிடைக்காமல் முகட்டில் பையன்கள் ஜெபப் புத்தகத்தையே கிழித்துக்கொண்டிருந்த காலம். காகிதத்தால் ஒரு உபயோகம் உண்டு என்றால் அது ஒன்றுதான் என்பது அவர் கட்சி.

ஏற்றம் முழுக்க அவருக்கு லாம்ப்ரோஸின் நினைப்புதான். ஈஸ்டரன்று பிறந்த பையன், ஈஸ்டரைக் குறிக்கும் அந்தப் பெயர் அதனால்தான். ஊரில் இருந்திருந்தால் இன்றைக்கு அவனுடைய பெயர்நாள் என்று வீடு நிறைய ஆள் இருக்கும், ஆட்டுக்கறி வாசம் தெருமுனை வரைக்கும் அடிக்கும். இப்போது அவர் இடுப்பில் கம்பளிக் காலுறைக்குள் ரெண்டு சிவப்பு முட்டை இருந்தது, அவ்வளவுதான். மனைவி சாயம் போட்டு, குண்டுப் பெட்டி சுமக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் கையில் கொடுத்து அனுப்பியது. அப்பனும் மகனும் ஆளுக்கொன்றாக வைத்து, ஈஸ்டர் வழக்கப்படி ஒன்றோடொன்று தட்டிக்கொள்ள.

வழியில் முள்செடிகளில் இத்தாலிக்காரன் விமானத்திலிருந்து போட்ட அச்சுக் காகிதங்கள் தொங்கின. சரணடையச் சொல்லி நம் மொழியிலேயே அடித்திருந்தான். கனேலா ஒன்றைப் பிடுங்கித் தின்றது. "தின்னு, தின்னு. அதுக்குத்தான் அது லாயக்கு" என்றார் ஸ்தேரியோஸ்.

ஊற்றுப் பக்கம் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது கை தானாகப் புகையிலைப் பைக்குப் போனது. கசங்கிய காகிதத்தை முழங்காலில் வைத்து நீவினார். மேல் ஓரத்தில் நீளமாக ஒரு பட்டை கிழித்தார். சுருட்டும்போது அதில் பென்சில் எழுத்து இருப்பது தெரிந்தது. எழுத்து இருந்தால் புகைக்கு என்ன? நெருப்பு வைத்தார். நாலே இழுப்பில் தீர்ந்தது. மீதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

முகட்டில் அவரை முதலில் பார்த்தவன் சார்ஜண்ட் நாசோஸ். தாடிக்குள் முகம் எங்கேயோ இருந்தது, ஆனால் வாய் மட்டும் எப்போதும்போல வெளியே இருந்தது.

"கிறிஸ்து உயிர்த்தெழுந்தார், ஸ்தேரியோ மாமா!"

"மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்."

"ரொட்டி இருக்கா?"

"இல்ல."

"குண்டு?"

"இல்லடா."

"அப்போ கனேலாவை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? முகட்டைச் சுத்திப் பாக்கவா?"

கேப்டன் தெல்லாஸ் பாறை இடுக்கில் உட்கார்ந்திருந்தான். முப்பதுகூட ஆகாத ஆள். தூங்காமல் கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. காகிதத்தை வாங்கிப் படித்தான். மறுபடி படித்தான். பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். சுற்றி நின்ற பையன்கள் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

"இதை யார் குடுத்தாங்க, பெரியவரே?"

"கர்னல். என் கண்ணு முன்னால எழுதினார். கூட ஒரு ஜெர்மன்காரன் நின்னான். சண்டை முடிஞ்சுதாம், கேப்டன் ஐயா. மூணு மணிக்குள்ள எல்லாரும் கீழ இறங்கணுமாம். இல்லேன்னா விமானம்."

சலசலப்பு எழுந்தது. "சரணடையவா? யார்கிட்ட? இந்த மக்ரோனி தின்னி இத்தாலிப் பயலுங்ககிட்டயா?" என்று ஒருத்தன் கத்தினான். குளிர்காலம் முழுக்க இத்தாலிக்காரனை அடித்துத் துரத்திய கூட்டம் அது. தோற்பது என்றால் எப்படி இருக்கும் என்றே அவர்களுக்குத் தெரியாது.

தெல்லாஸ் கையை உயர்த்தினான். காகிதத்தை எல்லோரும் பார்க்கும்படி பிடித்தான்.

"மேல என்ன இருக்கு, பாருங்க."

"ஒண்ணும் இல்லையே" என்றான் நாசோஸ்.

"அதான். ஒண்ணும் இல்ல."

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஈஸ்டர் மணி அடித்த நிமிஷத்திலிருந்து நாற்பது நாளைக்கு அவர்கள் நாட்டில் யாரும் வணக்கம் சொல்லமாட்டார்கள். எதிரே வருகிறவன் கடன்காரனாக இருந்தாலும் 'கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்' என்பார்கள், அவனும் 'மெய்யாகவே' என்று சொல்லியாக வேண்டும். காகிதம் என்றால் முதல் வரி அதுதான், அதற்குக் கீழேதான் மற்றதெல்லாம். வரி வசூல்காரன்கூட அதை எழுதிவிட்டுத்தான் மிரட்டுவான்.

தெல்லாஸ் பையிலிருந்து வேறொரு சீட்டை எடுத்தான். "கையெறி குண்டு வேணும்னு காலையில நான் எழுதி வச்சது. இதுல இருக்கு பாருங்க. கர்னல் வேராஸ் கோயில்ல நின்னு பாட்டுப் பாடுற மனுஷன். பெரிய வெள்ளிக்கிழமை தண்ணிகூடக் குடிக்கமாட்டார். அவரா இன்னைக்கு அது இல்லாம எழுதுவார்? இது மக்ரோனி வேலை. அச்சடிச்சுப் போட்டான், நாம மசியல. இப்போ கையால எழுதி அனுப்பறான்."

"அவர்தான் எழுதினாரு!" என்றார் ஸ்தேரியோஸ். "நான் பாத்தேன். மொதல்ல ஒரு காகிதத்துல மேல ஒரு சின்ன வரி..."

அந்தச் சின்ன வரி என்னவென்று சொல்லும்போதுதான் அவருக்குப் புரிந்தது. பையைத் துழாவி, மடித்து வைத்த மீதிக் காகிதத்தை எடுத்து நீட்டினார். மேல் ஓரம் பல்லுப் பல்லாகக் கிழிந்திருந்தது. கீழே வெறும் வெள்ளை.

"இதுலதான் எழுதினார். அப்புறம் மனசு வராம கசக்கிப் போட்டுட்டார். வேற எடுத்து எழுதினார்."

"எங்க எழுதினார்? இதுல ஒண்ணும் இல்லையே?"

"அந்த வரியை... நான் சுருட்டிப் பிடிச்சுட்டேன்."

நாசோஸ் சிரித்த சிரிப்பில் பாறை அதிர்ந்தது. "கேட்டீங்களாடா? மாமா கிறிஸ்துவையே ஊதித் தள்ளிட்டார்! மூணாம் நாள் எழுந்தவரை மறுபடியும் புகையா மேல அனுப்பிட்டார்!" பசியும் தூக்கமின்மையுமாக எல்லோரும் அடக்க முடியாமல் சிரித்தார்கள். லாம்ப்ரோஸ் மட்டும் சிரிக்கவில்லை. துப்பாக்கிப் பக்கத்திலிருந்து அப்பாவைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எதிர்ச் சரிவிலிருந்து இத்தாலிக் குண்டு ஒன்று வந்து விழுந்தது. பையன்கள் சிதறி அவரவர் இடத்துக்கு ஓடினார்கள். "இந்த ஆளை ஒரு ஓரமா உக்கார வைங்க. எங்கயும் விடாதீங்க" என்று கத்தியபடி தெல்லாஸும் போனான். ஓரமாக உட்கார வைக்க ஆள் ஏது? ஸ்தேரியோஸ் தவழ்ந்து மகனிடம் போனார்.

லாம்ப்ரோஸ் எந்திரத் துப்பாக்கிக்குப் பின்னால் படுத்திருந்தான். உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, அவர் பெற்ற முகம்போலவே இல்லை.

"டேய், என்னோட இறங்கி வந்துடு."

"போப்பா அந்தப் பக்கம்."

"மூணு மணிக்கு வருவான்டா. அந்த ஜெர்மன்காரனை நான் பாத்தேன். கோபமே இல்ல அவன் மூஞ்சில. வண்டிக்கு நேரமாச்சேன்னு நிக்கிறவன் மாதிரி கடிகாரத்தைத் தட்டினான். கோபக்காரன்னா மறந்துபோவான். இவன் மறக்கமாட்டான்."

"காகிதத்தையே நம்பாத ஆளு நீ. ஊர்ல பாதிரியார் ஞானஸ்நானச் சீட்டு எழுதிக் குடுத்தாக்கூட..."

"அதை ஏன்டா இப்போ இழுக்கற? கண்டதையும் உளறாத."

"பேச்சுக்குச் சொன்னேன். எதையும் நம்பாத ஆளு, இதை மட்டும் ஏன் நம்புற?"

"காகிதத்தை நம்பலடா. அவர் தொப்பியைக் கழட்டினாரு. அதை நம்பினேன்."

லாம்ப்ரோஸ் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வரிசை சுட்டான். பிறகு பின்னால் கையைக் காட்டினான். அங்கே பனி முழுசாக உருகாத ஒரு பள்ளத்தில் கல்லை அடுக்கி வைத்திருந்தார்கள். "அங்க பாரு. கோஸ்மாஸ் படுத்திருக்கான். ஸாக்கோஸ் படுத்திருக்கான். ஊர்ல அவங்க அம்மாவைப் பாத்தா என்ன சொல்லட்டும்? ஒரு காகிதம் வந்துச்சு, மலையைக் குடுத்துட்டு வந்துட்டோம்னா?"

"சொல்றதுக்கு நீ இருக்கணும்ல, முதல்ல."

"நீ போ. கேப்டன் இறங்கச் சொன்னா இறங்குவேன். அவர் சொல்லாம இங்கேர்ந்து நகர்ந்தா நான் ஓடிப்போனவன். அது உனக்குச் சம்மதமா?"

சம்மதம் என்று சொல்ல ஸ்தேரியோஸுக்கு நாக்கு வரை வந்தது. பையன் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். நாசோஸ் குண்டுப் பட்டையை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் தவழ்ந்து போனான். "மணி என்னடா?" என்று ஸ்தேரியோஸ் கேட்டார். "ரெண்டு தாண்டி ரொம்ப நேரமாச்சு, மாமா. ஏன், வேற எங்கயாவது போகணுமா?"

அப்போது துப்பாக்கி சிக்கிக்கொண்டது. லாம்ப்ரோஸ் மூடியைத் திறந்து, உள்ளே தோட்டாவைத் தள்ளும் பூட்டை உருவிப் பக்கத்தில் கோணித் துணிமேல் வைத்துவிட்டு, சிக்கிய தோட்டாவை நெம்பினான். அந்தத் துப்பாக்கியைப் பிரித்துக் கனேலாவின் முதுகில் ஏற்றி இந்த முகட்டுக்குக் கொண்டு வந்தவர் ஸ்தேரியோஸ்தான். எந்தத் துண்டு இல்லாவிட்டால் அது வெறும் இரும்புக் குழாய் என்று அவருக்கு அப்போதே காட்டியிருந்தார்கள், பத்திரமாகக் கொண்டுவர வேண்டும் என்பதற்காக.

யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டார். பூட்டை எடுத்தார், முழங்காலில் எழுந்தார், பள்ளத்தாக்கைப் பார்த்து வீசினார். இரும்பு பாறையில் பட்டுப் பட்டுக் கீழே போகும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

லாம்ப்ரோஸ் அவரைப் பார்த்தான். அப்புறம் ஓங்கி அறைந்தான். அப்பன்மேல் கை வைத்தவனை அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை. ஸ்தேரியோஸ் மல்லாக்க விழுந்தார். இடுப்பில் என்னமோ நொறுங்கியது.

"அடிடா" என்றார் படுத்தபடியே. "அடிக்கிறதுக்குக் கை இருக்கு பாரு உனக்கு. எனக்கு அது போதும்."

தெல்லாஸ் ஓடி வந்தான். கைத்துப்பாக்கியின் வாய் ஸ்தேரியோஸின் நெற்றிக்கு நேராக நின்றது. "துரோகி. உனக்கு எவ்வளவு குடுத்தான் மக்ரோனி?"

"சுடறதுன்னா சுடுங்க, கேப்டன் ஐயா" என்றார் அவர். குரல் உடைந்து, கெஞ்சலா திட்டா என்று தெரியாமல் வந்தது. "ஆனா ஒண்ணு. இது கர்னல் கை இல்லேன்னு என் கண்ணைப் பாத்துச் சொல்லிட்டுச் சுடுங்க. அந்த மேல் வரியை விடுங்க. கீழ இருக்கே, அது அவர் எழுத்து இல்லேன்னு சொல்லுங்க. எனக்குத்தான் படிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?"

தெல்லாஸின் துப்பாக்கி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. அவன் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அவர்கிட்டதான் படிச்சேன்" என்றான், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "ராணுவப் பள்ளியில என் தப்பையெல்லாம் இந்த எழுத்துலதான் திருத்துவார். பிரிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன்யா?"

"எந்த வாயால சொல்லுவேன்? இவங்ககிட்ட? மேல அது இல்லேன்னு பாத்ததும் உயிர் வந்தமாதிரி இருந்துச்சு. அப்பாடா, இது பொய்யின்னு சொல்லிக்கலாம். அவர் ஏன் எழுதலைன்னும் தெரியும். இப்படி ஒண்ணை எழுதறவன் அதுக்கு மேல அந்த வார்த்தையை எப்படி எழுதுவான்? கை வராது."

"வராதுதான். எழுதிட்டுக் கசக்கினாரே. அதை நான்தான்..."

கீழே சரிவில் இத்தாலிக்காரன் சுடுவதை நிறுத்தியிருந்தான். அதுவே நல்ல அறிகுறியில்லை. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. தெல்லாஸ் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு காகிதத்தை எந்திரத் துப்பாக்கியின் மூடிமேல் விரித்து, பையிலிருந்து பென்சில் துண்டை எடுத்து, மேலே நடுவில் ஒரு சின்ன வரி எழுதினான். ஸ்தேரியோஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுத்து தெரியாவிட்டாலும் உருவம் தெரிந்தது. ஊற்றுப் பக்கத்தில் நெருப்பு வைத்தபோது சுருண்டு கருகியது இதே உருவம்தான். லாம்ப்ரோஸும் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை.

தெல்லாஸ் எழுந்து நின்று எல்லோரையும் கூப்பிட்டான்.

"மடிப்புல மறைஞ்சிருந்துச்சு. நான் சரியா பாக்கல. கர்னல் எழுதினதுதான். உத்தரவு உத்தரவுதான். எல்லாரும் இறங்குறோம்."

காகிதம் கை மாறியது. மேல் வரியைப் படித்தவன் சிலுவை போட்டுக்கொண்டான். ஒருத்தன் அந்த வரியை மெதுவாகச் சொன்னான், 'மெய்யாகவே' என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், சாவு வீட்டில் பேசுவதுபோல. துப்பாக்கியைப் பாறையில் அடித்து உடைத்தார்கள். ஒருத்தன் உடைக்க மனம் வராமல் துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு அழுதான். நம்ப வேண்டும் என்று இருந்தவன் நம்பினான். நம்பாதவனும் நம்பியதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நாசோஸ் கடைசியாக வாங்கிப் பார்த்தான். கட்டைவிரலால் மேல் வரியைத் தேய்த்தான். விரலில் கரி ஒட்டியது.

"இது இன்னும் சூடா இருக்கே, கேப்டன் ஐயா."

"இறங்கு, நாசோஸ்."

"நீங்க எல்லாம் முன்னால போங்க. கோஸ்மாஸ்கிட்டயும் ஸாக்கோஸ்கிட்டயும் சொல்லிட்டு வர்றேன். சொல்லாமப் போனா நல்லா இருக்காது."

"இது உத்தரவு."

"தெரியும், ஐயா. எந்த வரி உத்தரவு, எந்த வரி நீங்கன்னும் தெரியும்." அவன் சிரித்தான். அதில் கேலி இல்லை. பிறகு ஸ்தேரியோஸிடம் திரும்பினான். "மாமா, அந்த மீதிக் காகிதம் இருக்கா? அதுல ஒண்ணும் எழுதலைல்ல? அப்போ பாவமில்ல. கொஞ்சம் புகையிலையும் குடுங்க."

ஸ்தேரியோஸ் புகையிலைப் பையை அப்படியே கொடுத்தார். "வந்துடுடா" என்றார். "ஒரு சிகரெட் நேரம்தான் மாமா" என்றான் அவன். பொய் சொல்கிறவனை ஸ்தேரியோஸுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவருடைய ஒரு கை மகனின் கோட்டு முனையைப் பிடித்திருந்தது. அதை விட்டுவிட்டு இன்னொருத்தன் மகனைப் பிடிக்க அவருக்குத் துணிவில்லை.

நடக்க முடியாதவனைக் கனேலாவின் மேல் ஏற்றினார்கள். ஊற்றைத் தாண்டும்போது மேலே ஒற்றைத் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. இன்னொன்று. நிதானமாக, புகை விட்டு விட்டுச் சுடுகிறவன்போல. தெல்லாஸ் நின்றான். "நிக்காதீங்க" என்றார் ஸ்தேரியோஸ். "இத்தனை பேர் வர்றாங்க உங்க பின்னால. நிக்காதீங்க."

சொன்ன நேரத்துக்கு ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். ஒரு நிமிஷம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. விமானங்கள் ஓநாய்ப்பல்லுக்கு மேல் ஊளையிட்டுக்கொண்டு குப்புற விழுந்து, நிமிர்ந்து, மறுபடி விழுந்தன. கற்கள் ஊற்று வரைக்கும் உருண்டு வந்தன. அடங்கியபோது முகடு இருந்தது, அதன் பல் இல்லை. அதற்குப் பிறகு மேலே எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கனேலா மட்டும் நடுங்கிக்கொண்டே நின்றது. லாம்ப்ரோஸ் அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அப்பா பிடித்திருந்த கோட்டு முனையை இழுத்து விடுவித்துக்கொண்டான்.

சாலையில் ஆயுதங்களைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். கர்னல் வேராஸ் தொப்பி இல்லாமல் நின்றார். தெல்லாஸ் நேராகப் போய் சல்யூட் அடித்துக் காகிதத்தை அவர் கையில் கொடுத்தான். கர்னல் பிரித்தார். மேல் வரியில் கண் நின்றது.

"இது நான் எழுதினது இல்ல."

"ஆமா, கர்னல் ஐயா."

"அப்போ யாரு..." என்று தொடங்கியவர் தெல்லாஸின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "எல்லாரும் வந்தாச்சா?"

"ஒருத்தன் வரல."

கோட்டுக்காரன் பக்கத்தில் வந்து, அந்தக் காகிதம் அதிகாரிக்கு வேண்டுமாம் என்றான். கர்னல் அதை நாலாக மடித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, "தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லு" என்றார். அவரை அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்தேரியோஸ் சாலையோரத்தில் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். லாம்ப்ரோஸ் அவரைப் பார்க்கவில்லை. ஓநாய்ப்பல் இருந்த திசையையும் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் இடுப்பிலிருந்து காலுறையை எடுத்து அவிழ்த்தார். ஒரு முட்டை கூழாகி, சிவப்பு ஓடு கம்பளியில் ஒட்டிக்கிடந்தது. இன்னொன்று விரிசல் விட்டிருந்தாலும் முழுசாக இருந்தது.

"அம்மா குடுத்தனுப்பினது" என்றார். "உன் பெயர்நாள்."

இரண்டு முட்டை இருந்தால்தான் தட்ட முடியும். தட்டும்போதுதான் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும், மற்றவன் பதில் சொல்ல வேண்டும். ஒரு முட்டைதான் இருந்தது என்பதில் ஸ்தேரியோஸுக்கு மனசுக்குள் ஒரு நிம்மதி. இரண்டும் இருந்திருந்தால் யார் முதலில் வாயைத் திறப்பது என்று தெரிந்திருக்காது.

லாம்ப்ரோஸ் ரொம்ப நேரம் அதைத் தொடவே இல்லை. சாலையில் ஜெர்மன் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன, புழுதி இருவர் மேலும் படிந்தது. கடைசியில் கை நீட்டி முட்டையை எடுத்தான். எதுவும் சொல்லாமல், எங்கும் தட்டாமல், விரிசலில் நகத்தை விட்டு உரித்தான். முந்தின நாளிலிருந்து சாப்பிடாதவன். இரண்டே வாயில் விழுங்கினான். தொண்டையில் அடைத்து இருமினான், கண்ணில் தண்ணீர் வந்தது.

ஸ்தேரியோஸ் தண்ணீர்க் குடுவையை நீட்டினார். அவன் வாங்கிக் குடித்தான்.